சன்னலோரத்தில் போட்ட துண்டு

"...ஆசைய உடு, ஆசைய உடுன்னு ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டுறியே நைனா, நீ மொதல்ல அந்த சீட்டை உடு!"

ரயில் பெட்டியே கொல்லென்று சிரித்தது. சொன்னவர், கருவாட்டுக் கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, சரியாக நினைவில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குக் காலை பாசஞ்சரில் போய்வந்துகொண்டிருந்தேன். கரி வண்டி. சன்னலோரம் உட்கார்ந்தால் சட்டையெல்லாம் கரித்தூள்தான். ஆனாலும் அந்த இடத்துக்குத்தான் அடிதடி நடக்கும். எனக்கு அந்தக் கவலையே கிடையாது. அதே தொழிற்சாலையில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த நண்பர், இரண்டு நிறுத்தம் முன்னால் ஆரம்பாக்கத்தில் ஏறுவார். என் துண்டு ஒன்று அவர் வீட்டிலேயே கிடக்கும். அதைச் சன்னலோரம் போட்டு வைப்பார். நான் ஏறி உட்காருவேன். அவர் நின்றுகொண்டே வருவார். "ஒக்காந்தா தூக்கம் வர்துபா" என்பார். நமக்குத் தோதான பொய் என்றால் யார்தான் துருவிக் கேட்கிறோம்? நானும் கேட்கவில்லை.

மூர் மார்க்கெட்டில் அட்டை போன புத்தகம் ஒன்று வாங்கியிருந்தேன். புத்தர் சொன்னதைப் பற்றியது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய புதையல். தினமும் ஒரு பக்கம் உரக்கப் படித்து, என் கைச்சரக்கையும் சேர்த்து விளக்குவேன். சீட்டாடுகிறவர்கள்கூடச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பார்கள். "புத்தரு வந்துட்டாருபா, வழி உடு!" என்று கேலி வேறு. உள்ளுக்குள் எனக்கு அது இனிக்கும்.

அன்று நான் ஏறியபோது நண்பர் அந்தத் துண்டின் மேலேயே உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். நான் உட்கார்ந்தேன். அன்றைய பக்கம் பற்றைப் பற்றியது. 'என்னுடையது' என்று எதை இறுக்கிப் பிடிக்கிறோமோ அதுதான் கையைச் சுடும் என்று நான் விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மா குறுக்கே பாய்ந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "தெனம் எனுக்குப் போடுற எடம்மா இது. உனுக்கு இன்னா தெரியும்?"

"இன்னா தெரியுமா? ஆரம்பாக்கத்துல இந்தாளு காலை ஊண முடியாம கம்பியில தொங்கிக்கினு இருந்தாரு. நாந்தான் முதுகுல கை குடுத்து ஏத்தி உட்டேன். தெனம் இந்த ஒரு எடந்தான் இவருக்குக் கெடைக்குது. அத்த உனுக்குக் குடுத்துட்டு நிக்கிறாரு. நானும் ரெண்டு வருசமா பாத்துக்கினுதான் வரேன்."

"சும்மாரு அக்கா" என்றார் நண்பர்.

குனிந்து அவர் கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கணுக்கால் பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. இரும்புத் தகடு விழுந்து நான்கு நாளாகிவிட்டதாம். வேலை நிரந்தரமாகும் சமயம், லீவு கேட்டால் போய்விடுமோ என்று பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. நான்கு நாளும் என் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்.

"கால் போவட்டும், ரெண்டு வருசமா ஏன்பா நின்னே?" என்றேன்.

"நின்னுக்கினு படிச்சா உன் கொரலு ஆடுதுபா. ஒக்காந்து படிச்சாத்தான் கேக்க நல்லாக்குது."

எழுந்து அவரை உட்கார வைத்தேன். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த ஆள் நான்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தொழிற்சாலைக்குப் போனதும் மேலாளரிடம் அவருடைய லீவுக்காக நானே கெஞ்சிப் பேசினேன். பத்து நாள் மருந்து போட்டதில் கால் தேறியது, வேலையும் நிலைத்தது. துன்பம் என்ற சொல்லை இன்று எங்கே கேட்டாலும், புத்தகத்தில் படித்த எதுவும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. அந்தக் கணுக்கால்தான் வருகிறது.

அன்று மீஞ்சூர் வந்ததும் அந்த அம்மா எழுந்தார். நண்பருக்கு அடியில் கிடந்த என் துண்டை உருவினார். "இது உனுக்கு இனிமே இன்னாத்துக்கு நைனா?" என்று கேட்டுக்கொண்டே அதைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்து, என்னையே கூடையைத் தூக்கிவிடச் சொல்லி, திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்.