மூன்றாவது சாட்சி

திங்கட்கிழமை எனக்குப் பதிவுத் திருமணம். இரண்டு வீட்டிலும் சம்மதம் இல்லை. சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும். அவர் பக்கம் இரண்டு நண்பர்கள் வருகிறார்கள். என் பக்கம் ஒருவராவது வேண்டாமா?

நான் வேலை செய்யும் பட்டுக்கடையில் என்னோடு நிற்கும் அக்காவிடம் காலையில் கேட்டேன். "உங்கப்பா தெனம் இந்தப் பக்கமாத்தான் போய்க்கினு வந்துக்கினு இருக்குறாரு. எனக்கு வம்பு வேணாம்மா" என்றார்.

மதியம் சேலத்திலிருந்து பதினான்கு பேர் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தார்கள். மணப்பெண்ணுக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

"எங்க பொண்ணும் உன்னாட்டந்தான் இருப்பா கண்ணு, உன் மேல போட்டுக் காட்டு" என்றார் அவளுடைய அம்மா.

அரக்கு நிறப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். ஒரு அத்தை முந்தானையைச் சரிசெய்தார். ஒரு மாமா, "கொஞ்சம் சிரிம்மா" என்று போட்டோ எடுத்தார். அந்த அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். கண்ணாடியில் எனக்குப் பின்னால் பதினான்கு பேர்.

"உனக்கு எப்பக் கண்ணு கல்யாணம்?"

"திங்கட்கிழமைங்க."

"அட! வீட்டுல எல்லாரும் வேலையா இருப்பாங்களே!"

"ஆமாங்க, எல்லாருக்கும் வேலை இருக்குது" என்றபடி புடவையை மடித்தேன்.

வேறு எதையும் பார்க்காமல் அதையே எடுத்துக்கொண்டு போனார்கள்.

திங்கள் காலை பத்தரை மணிக்குக் காஞ்சிபுரத்தில் யாராவது சும்மா இருக்கிறீர்களா? ஆதார் அட்டை இருந்தால் போதும். கையெழுத்துப் போட்ட கையோடு ஒரு நெட்டியும் முறித்துவிட்டுப் போனால், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.