மதியச் சாப்பாட்டுக்குப் பின் நகராத பில்

போன வருடம் சித்திரை வெயில் கொளுத்திய நேரம். செம்பட்டியில் பம்புசெட் மோட்டார், பைப் விற்கும் ஒரு மொத்தக் கடை. அங்கே பில் போடும் மென்பொருளையும் சர்வரையும் பார்த்துக்கொள்வது என் வேலை. திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அந்த ஒரு சர்வர் என் உயிரை வாங்கிவிட்டது.

காலையில் பில் மளமளவென்று வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பில் கைக்கு வருவதற்குள் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம். கவுண்டரில் விவசாயிகள் சத்தம் போடுவார்கள். முதலாளியோ பில் போடும் பெண்ணை முறைப்பார். "சாப்ட்டு வந்து உக்காந்தா இதுக்குக் கை ஓட மாட்டேங்குது. இந்த மாசத்தோட வேற ஆளப் பாக்கணும்" என்று என் முன்னாலேயே சொன்னார். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. "எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுங்கக்கா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

நானும் செய்யாத வேலை இல்லை. அடிக்கடி கேட்கிற சரக்கு விவரங்களை டேட்டாபேஸ் மெமரியிலேயே வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் ஹார்ட் டிஸ்க்கில் போய்த் தேட வேண்டாம். அதற்காக மெமரியைக் கூட்டி, பெரும்பங்கை டேட்டாபேஸுக்கே ஒதுக்கினேன். மதியம் சர்வர் அணைந்து எழுவது அதன் பதிவுகளைப் பார்த்தபோது தெரிந்தது. தானாக அணைகிறதா என்று முதலாளியிடம் கேட்டேன். இல்லவே இல்லை என்றார். அப்படியானால் கரண்ட்தான் போகிறது என்று யூ.பி.எஸ். பேட்டரியையும் மாற்ற வைத்தேன். அப்புறமும் காலையில் எல்லாம் சரிபார்த்துவிட்டு நான் ஊர் திரும்பும் மதிய பஸ்ஸில் உட்கார்ந்தால் போதும், முதலாளியிடமிருந்து போன் வந்துவிடும். "ஏம்மா, மறுபடியும் படுத்துக்கிச்சு." போனை ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்றிருக்கும்.

கடைசியில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மதியம் போய் நின்றேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். முதலாளி மட்டும் சர்வர் மேல் கை வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அதன் சுவிட்சை அணைக்கக் குனிந்தார். பாய்ந்து போய்த் தடுத்தேன்.

"காலைலருந்து ஓடுதுல்லம்மா? கெணத்து மோட்டாரையே செத்த நேரம் நிப்பாட்டித்தான் போடுவோம்."

"அன்னைக்குக் கேட்டேனே, ஏன் சொல்லல?"

"தானா அணையுதான்னு கேட்ட. தானா எங்க அணையுது? நானுல்ல அணைக்கிறேன்!"

தலையில் அடித்துக்கொண்டேன். அணைத்தவுடன் மெமரியில் சேர்ந்ததெல்லாம் போய்விடும். மறுபடி எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து எடுத்து வந்தாக வேண்டும், அதனால்தான் தாமதம் என்று விளக்கினேன். அரைமனதோடு தலையாட்டினார்.

அன்று மதியம் பில்கள் காலை போலவே பறந்தன. முதலாளி அந்தப் பெண்ணைப் பார்த்து, "பாத்தியா, மனசு வச்சா ஒன்னால முடியுதுல்ல!" என்றாரே பார்க்கலாம். அவள் நிமிராமல் அடுத்த பில்லைத் தட்டினாள்.

அவள் வேலை தப்பியது. ஆனால் அவள் எப்போதும் வேகமாகத்தான் அடித்தாள் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. யாராவது யாரையாவது மந்தம் என்று சொல்லும்போது அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்குப் பொங்கிக்கொண்டு வருகிறது.