பதினெட்டுக்குக் கீழே மணி அடிக்காது

அவசரப் பிரிவின் வாசலில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து நோயாளிகளைப் பதிவு செய்தவளுக்கு ஆஸ்பத்திரி முழுக்க ‘பொறந்த தேதி’ என்றுதான் பெயர். வயதைக் கேட்டால் ஜனங்கள் பொய் சொல்வார்கள். ஐம்பது நாற்பத்தைந்தாகும், முதியோர் வரிசையில் முந்துவதற்காக ஐம்பத்தெட்டு அறுபதாகும். அதனால் அவள் வயதைக் கேட்டதே இல்லை. கணினித் திரையின் ஓரத்தில் அவள் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது: ‘வயதைக் கேட்காதே, பிறந்த தேதியைக் கேள்.’ எமனே வந்தாலும் பிறந்த தேதியை வாங்காமல் இந்த அக்கா உள்ளே விடாது என்று வாசல் காவலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து இருக்கைக்காரர் நான்கு வயதுக் குழந்தைக்குப் பதினான்கு என்று தட்டிவிட்டார். மருந்து பதினான்கு வயதுக்கான அளவில் ஏறியது. குழந்தை பிறகு கண் திறக்கவில்லை. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம், அவள் விரலில் ஒரு வயதுகூடத் தவறவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் பக்கவாதத்துக்கென்று ஒரு ஏற்பாடு உண்டு. முகக் கோணல், கைத் தளர்ச்சி, பேச்சுக் குழறல் என்ற மூன்று கட்டங்களில் குறியிட்டால் திரை சிவக்கும். இரண்டாம் மாடியில் மணி அடிக்கும். மணி அடிக்காவிட்டால், ஸ்கேனைப் பார்த்த பிறகுதான் அந்த மாடியைக் கூப்பிடுவார்கள். அங்கிருக்கும் டாக்டர், தொடை இடுக்கிலுள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றி, நுனியில் விரிகிற கம்பி வலையால் இரத்தக் கட்டியைப் பிடித்து இழுத்துவிடுவார். சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். நேரம் போகப் போக மூளை செத்துக்கொண்டே போகும். ஆனால் வயது பதினெட்டுக்குக் கீழே இருந்தால் அந்த மூன்று கட்டங்களும் திறக்காது. குழந்தைகளுக்குப் பக்கவாதம் வராது என்று யாரோ ஓர் அறிவாளி முடிவு செய்திருந்தார்.

ஒரு நாள் காலை எட்டு பத்துக்கு அவள் தங்கை ஏழு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். பள்ளிக்கூடம் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்த குழந்தை அப்படியே சரிந்துவிட்டதாம். ஒரு காலில் ஷூ இருந்தது. வலது கை துணி மாதிரி தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பெரியம்மாவைப் பார்த்தது, பேச்சு வரவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தினமும் பார்க்கிற முகக் கோணல்தானே. கட்டங்களை அழுத்தினாள். திறக்கவில்லை.

காவலாளி குனிந்து, “அக்கா, பதினெட்டுன்னு போடுங்க. மணி அடிக்கட்டும். டாக்டர் வந்ததும் திருத்திக்கலாம்” என்றார்.

விரல் ‘ஒன்று’ வரை போனது, திரும்பியது. “மருந்து தப்பா ஏறிடும்” என்றாள். ஏழு என்று தட்டினாள்.

குழந்தைகள் பிரிவில் வலிப்பு என்றார்கள். வலிப்பு வந்தபின் கை கால் கொஞ்ச நேரம் தளர்ந்திருக்கும், தானாகச் சரியாகும் என்றார்கள். பெரும்பாலும் அப்படித்தான்; அவர்கள் முட்டாள்கள் அல்ல. இது பக்கவாதம்தான் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். பதிவு எழுதுகிறவள் நோயைச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஸ்கேன் எடுக்கும்போது மாலை நான்கு. அதைப் பார்த்த பிறகுதான் இரண்டாம் மாடி டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். எட்டரையிலிருந்து மேலேதான் இருந்தேன், கையில் வேறு கேஸ்கூட இல்லை என்றார். காலையிலேயே கட்டியை எடுத்திருந்தால் சரியாகியிருக்குமா என்று அவள் கேட்டாள்.

“அடிச்சு சொல்ல முடியாதும்மா. இந்த வயசுல குழாய் ரொம்ப சின்னது, குழந்தைங்களுக்கு நாங்க செஞ்சதும் கொஞ்சம்தான். ஆனா முயற்சி பண்ணியிருப்பேன். இப்ப எடுத்தா செத்த இடத்துல ரத்தம் கசியும்.”

தங்கை அழவில்லை. “அக்கா, நீ அங்கதானே உக்காந்திருந்த?” என்று மட்டும் கேட்டாள்.

உறவினர்கள் தலையெழுத்து என்றார்கள். அந்த எழுத்தைக் கணினியில் எழுதியவர்களுக்கு மூன்றாம் மாடியில் அறை உண்டு, குளிர்சாதனம் உண்டு. அவர்களுக்கு அவள் மூன்று கடிதங்கள் எழுதினாள். ஒன்றுக்குப் பதில் வந்தது: சிறுவர்களுக்கு இச்சிகிச்சையின் பயன் போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை. நிரூபணம் போதவில்லை என்பது அறிவியல்; ஆகவே மணியே அடிக்க வேண்டாம் என்பது சோம்பேறித்தனம். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட அவர்களுக்குக் கை கூசவில்லை.

மூன்றாம் வருடம் ஒரு பெயின்டர் தன் பதினொரு வயது மகனைத் தூக்கி வந்தார். அதே கோணல், அதே தொங்கும் கை. அவள் பதினெட்டு என்று தட்டினாள். திரை சிவந்தது. ‘உண்மை வயது 11’ என்று சிவப்பு மையில் எழுதிப் பையனின் சட்டையில் குத்தினாள். ஒரு காகிதம், ஒரு குண்டூசி. தங்கை மகள் வந்த காலையில் இது ஏன் தோன்றவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டே குத்தியதில் ஊசி விரலில் ஏறியது. டாக்டர் இறங்கி வந்தார், காகிதத்தைப் படித்தார், பையனைத் தள்ளிக்கொண்டு போனார். மதியம் அவன் வலது கையால் தண்ணீர் டம்ளரைப் பிடித்தான்.

அவள்மேல் விசாரணை வந்தது, பொய்ப் பதிவு என்று. செய்தது தவறு என்று தெரியுமா என்று கேட்டார்கள்.

“தெரிஞ்சுதான் போட்டேன். சரியா போட்ட அன்னைக்கு என்னை யாரும் விசாரிக்கல.”

அடித்தளத்தில், பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். பையன் பிழைத்தது விசாரணைக் குறிப்பில் இல்லை. கட்டங்கள் இன்றும் பதினெட்டுக்குக் கீழே திறப்பதில்லை. தங்கை மகளுக்குப் பத்து வயது; இடது கையால் சாப்பிடுகிறது. அதற்கு வரும் சொற்கள் நாலோ ஐந்தோ. அதில் ‘பெரிம்மா’ ஒன்று.

போன வாரம் அவள் மேலே போனாள், வாசல் இருக்கைக்கு வந்திருக்கும் புதியவளிடம் சிவப்பு மையையும் குண்டூசியையும் பற்றிச் சொல்ல. இவளைக் கண்டதும் புதியவள் எழுந்து நின்றாள். திரையின் ஓரத்தில் பழைய சீட்டு, நாலு மூலையிலும் புதுப் பசைநாடாவோடு.

“உங்க சீட்டைப் பாத்துதான்க்கா வேலையே பண்றேன். இதுவரைக்கும் ஒரு வயசுகூட தப்பா போடல.”

இவள் சொல்ல வந்ததைச் சொன்னாள். புதியவள் தலையை மட்டும் ஆட்டினாள், மரியாதையாக. அடுத்தவர் வந்து நின்றார். புதியவள் அவரிடம் பிறந்த தேதியைக் கேட்டாள்.