மாடு வேணும், பால் வேணாம்

சிங்கவரத்து ரஞ்சிதத்துக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கை பேசும். பால் கேனை டக்கென்று வைப்பாள், முந்தானையை உதறிச் சொருகுவாள், மொபெட்டை உதைக்கிற உதையில் அது பயந்துகொண்டு கிளம்பும். அந்த மாசம் முழுக்கக் கேனுக்கும் மொபெட்டுக்கும் சரியான அடி.

ஏன் என்று சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணமாகி வந்த வருசத்திலிருந்து மாடுதான் அவள் பிழைப்பு. புருசன் பச்சமுத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டால் ஒரு வருசம் விளையும், ஒரு வருசம் காயும். மாடு மட்டும் கைவிட்டதில்லை. விடிவதற்குள் கறந்து, செஞ்சி டவுனில் வாடிக்கை வீடுகளுக்கு ஊற்றிவிட்டு வருவாள். மூன்று காம்பைத்தான் கறப்பாள். நாலாவது கன்றுக்கு. கல்யாண வீட்டுக்காரர் வந்து கெஞ்சினாலும் அந்தக் காம்பில் கை வைக்கமாட்டாள். "அது கன்னு பங்குங்க, எனக்கு உரிமை இல்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

வாடிக்கையில் பழைய வீடு அமலா டீச்சர் வீடு. டீச்சருக்குப் பிள்ளை பிறந்து தாய்ப்பால் போதாமல் போனபோது ரஞ்சிதத்தின் பால்தான் கைகொடுத்தது. அப்போது மொபெட் ஏது? புயல் மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து ஊற்றிவிட்டுப் போனாள். அதைக் குடித்துத் தேறிய பிள்ளைதான் சிவசங்கர். படித்தான், பெங்களூர் போனான், மாடே இல்லாமல் பால் செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். இப்போது அம்மாவுக்குக் கட்டுகிற புது வீட்டின் கடைசி வேலைகளை முடித்துத்தர லீவு போட்டு வந்திருந்தான்.

வந்தவன் ஒரு நாள் காலையில் கேட்டிலேயே அவளை நிறுத்தினான்.

"இனிமே பால் வேணாம் ரஞ்சிதம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. ஊசி, மருந்து, யூரியான்னு என்னென்னமோ கலந்து விக்கிறாங்க. வெஷம். அதுவும் இல்லாம, கன்னு குடிக்க வேண்டியத நாம புடுங்கிக் குடிக்கிறோம். பாவம் இல்லையா?"

"என் பால்ல இன்னா தம்பி கலந்துச்சு?"

"உங்களச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்."

பொதுவாவாம்! கேனைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்பவள் ஒருத்தி, இவன் பொதுவாகச் சொல்கிறானாம். கன்று பங்கைப் பற்றி இவளுக்கே பாடம் எடுக்கிறான். உள்ளே ஜன்னலோரம் டீச்சர் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. உட்கார வைத்துத் தன் கம்பெனிப் பாலில் காபி போட்டுக் கொடுத்தான். "தோச மாவு புளிக்குதுல்ல? அந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத உயிரை வச்சு டேங்க்ல பாலோட சத்த வளக்குறோம்" என்று விளக்கினான். காபியைக் குறை சொல்ல முடியவில்லை, அது வேறு எரிச்சல். குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், யார் வேண்டாமென்றது? அதற்காக இத்தனை வருசம் ஊற்றினதை விஷம் என்பதா? அதை டீச்சர் கேட்டுக்கொண்டு நிற்பதா? அவளுக்கு நெஞ்சு ஆறவே இல்லை.

போதாததற்கு அவன் இதையே தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். அடுத்த வாரமே இரண்டு வீட்டில் பாத்திரத்தை நீட்டும்போது மூக்கைச் சுளித்தார்கள். "ஊசி கீசி எதனா போடுறியா ரஞ்சிதம்?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பேர் ஒரு வாரத்தில் சந்திக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் போன் பண்ணினார்.

"வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம் ரஞ்சிதம். மாட்டையும் கன்னையும் கூட்டிட்டு வந்துடு. ஐயர் கண்டிப்பா வேணும்னுட்டாரு."

"பாலு டீச்சர்?"

"பாலு... சங்கர் அவன் கம்பெனிப் பாக்கெட் எடுத்துட்டு வந்திருக்கான். நீ கறக்காம ஓட்டிட்டு வா. மடி நெறஞ்சி இருந்தா போட்டோவுல நல்லா இருக்கும்ங்கிறான்."

போனை வைத்தவள் சாணிக் கூடையை எட்டி ஒரு உதை விட்டாள். "மாடு வேணுமாம், பாலு வேணாமாம்! பாத்தியா நியாயத்த?"

"போவாத. அவ்ளோதான்" என்றான் பச்சமுத்து.

"போவேன். மாடு மிதிக்காத வீட்டுல டீச்சர் குடி போவக் கூடாது" என்று அதற்கும் அவனிடமே எரிந்து விழுந்தாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை மஞ்சள் பூசி, மாலை போட்டு, மாட்டை ஓட்டிப்போனாள். கன்று பின்னாலேயே வந்தது. புது வீட்டுக்குள் மாடு நுழைந்தது, எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள், சிவசங்கர் போட்டோ எடுத்துத் தள்ளினான். பிறகு மாட்டையும் கன்றையும் வாசலில் தனித்தனியாகக் கட்டச் சொல்லிவிட்டு அடுப்பில் பாக்கெட் பாலை ஏற்றினார்கள்.

பால் கொதித்தது. ஆனால் பொங்கவில்லை. ஓரத்தில் சலசலவென்று கொதித்துக்கொண்டே கிடந்தது, மேலே எழும்பவே இல்லை. தீயைக் கூட்டினார்கள், அடி பிடித்ததுதான் மிச்சம். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். சொந்தக்காரப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புது வீட்டில் பால் பொங்காவிட்டால் என்ன பேச்சு வருமென்று செஞ்சியில் யாருக்குத் தெரியாது?

சிவசங்கர் சொம்போடு வாசலுக்கு ஓடி வந்தான். "ரஞ்சிதம்மா, ஒரே ஒரு சொம்பு..."

ரஞ்சிதம் கன்றின் கயிற்றை அவிழ்த்தாள். அது பாய்ந்து போய் மடியை முட்டிக் குடிக்க ஆரம்பித்தது.

"நான் இன்னா தம்பி பண்றது? கன்னு குடிக்கிறதப் புடுங்குறது பாவமாச்சே. நீதான சொன்ன?"

கன்று ஒரு காம்பை முடித்து அடுத்ததற்குத் தாவியது. பின்னாலேயே டீச்சர் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார், சொந்தக்காரர்களும் கூடவே வந்தார்கள்.

"ரஞ்சிதம், நேரம் போவுது."

"போவட்டும் டீச்சர். என் பால்ல வெஷம் இருக்குதா, இல்லையா? அன்னிக்கு ஜன்னல்லயே நின்னீங்க. இன்னிக்கு எல்லாரும் இருக்காங்க, உங்க வாயால சொல்லிடுங்க."

கன்று மூன்றாவது காம்பில் இருந்தது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் மட்டும் பழைய வகுப்பறைக் குரலாக வந்தது. "இவ பால்ல ஒரு குத்தமும் கெடையாது. என் புள்ளைய உசுரோட வச்சது இந்தப் பாலு. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல."

ரஞ்சிதம் கன்றை இழுத்துக் கட்டினாள். மூன்று காம்பு கன்றுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றைக் கறந்து சொம்பை நீட்டினாள். உள்ளே போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பால் பொங்கிவிட்டதென்று சத்தம் கேட்டது.

அவள் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சிவசங்கர் மறுபடி வந்தான். முகத்தில் நிம்மதி, கையில் போன். "ரஞ்சிதம்மா, மாட்டோட இன்னும் ஒரே ஒரு போட்டோ."

"மாடே வேணாம்னுதான தம்பி கம்பெனி நடத்துறீங்க?" என்றாள் அவள். "அந்த டேங்க்கோட நின்னு எடுத்துக்க."

மாட்டைத் திருப்பிக்கொண்டு சிங்கவரத்துப் பாதையில் நடந்தாள்.