அவுங்க சீட்டு

பெலிசியாவுக்கு முப்பத்தொரு வயது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஏழு வருடமாக ஒரே பேருந்தில் போய்வருகிறாள். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலை. பிறர் எழுதிக் கொடுத்ததில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டாள். ஒரே ஒரு முறை மாற்றினாள்.

அருண்குமார் என்ற இளைஞன் பன்னிரண்டு நிமிடப் படத்துக்கான கதையைக் கொண்டுவந்திருந்தான். பேருந்தில் ஒருத்தி, பக்கத்துக் காலி சீட்டில் காதலன் இருப்பதாக நினைத்து அவனோடு பேசிக்கொண்டே போகிறாள். அவ்வளவுதான் படம்.

“நான் ‘அவன்’னு எழுதியிருந்தேன். எல்லா எடத்துலயும் ‘அவுங்க’ன்னு அடிச்சிருக்கீங்களே?”

“கட்டிக்கப் போறவங்கள அவன்னு எப்படிங்க சொல்றது?”

அங்கேயே அவளை நடிக்கக் கேட்டுவிட்டான். வீடு போய்ச் சேரும்வரை பெலிசியா ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

சிக்கல், அந்தக் காலி சீட்டுதான். மூன்று நாள் எடுத்துப் பார்த்தார்கள். ஆலப்பாக்கம் வருவதற்குள் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கேமரா இரவல். வெள்ளிக்கிழமையோடு திருப்பிக் கொடுக்க வேண்டும்; அதற்குள் சீட்டு காலியாகக் கிடைக்காவிட்டால் படமே இல்லை.

வியாழன் மாலை அடுப்படியில் வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள்: “அவுங்க இன்னிக்கி நீலச் சட்ட.” மூன்று வருடமாக மாப்பிள்ளை தேடி அலுத்திருந்த அம்மா இன்னாசிமேரியின் காதில் அது விழுந்தது. மகள் யாரையோ பேருந்தில்தான் பார்க்கிறாள் என்று முடிவுகட்டி, மறுநாள் காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அதே பேருந்தில் ஏறி, மகளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

“எங்கம்மா கெளம்பிட்ட?”

“மாப்பிள்ளயப் பாக்கத்தான். எந்த ஸ்டாப்புல ஏறுவாங்க?”

உண்மையைச் சொன்னால் அம்மா கையைப் பிடித்து இறக்கிவிடுவாள். “முட்லூர்” என்றது பெலிசியாவின் வாய், தானாகவே.

இன்னாசிமேரி எட்டி, மகளுக்குப் பக்கத்துச் சீட்டில் தன் கர்ச்சீப்பைப் போட்டாள்.

ஆலப்பாக்கத்தில் ஒரு பெரியவர் பையோடு வந்தார்.

“கர்ச்சீப்பு கெடக்குறது தெரியல? அவுங்க சீட்டுங்க அது.”

“ஆளு எங்கம்மா?”

“வருவாங்க. நீங்க முன்னால போங்க.”

புதுச்சத்திரத்தில் இரண்டு பேர், பெரியப்பட்டில் ஒரு மீன்கூடைக்காரி. ஒருவருக்கும் இடமில்லை. எதிர்ச்சீட்டில் அருண்குமார், கோயிலைப் படமெடுக்கப் போகிறவனைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு, அடக்கிய சிரிப்பில் தோள் குலுங்க கேமராவைப் பிடித்திருந்தான். பெலிசியா கர்ச்சீப்பைப் பார்த்து வசனம் முழுவதையும் முணுமுணுத்து முடித்தாள். மகள் செபமாலை சொல்கிறாள் என்று நினைத்து, அம்மா பின்னாலிருந்து “ஆமென்” போட்டாள்.

முட்லூரில் யாரும் ஏறவில்லை.

சிதம்பரத்தில் இறங்கியதும் பெலிசியா எல்லாவற்றையும் சொன்னாள். இன்னாசிமேரி அருண்குமாரை ஒரு பார்வை பார்த்தாள். கர்ச்சீப்பை மடித்து இடுப்பில் செருகினாள்.

“இல்லாத ஆளுக்கா இத்தன பேருகிட்ட சண்ட போட்டேன்?”

“ஆமாம்மா.”

கொஞ்சதூரம் நடந்து, திரும்பி அருண்குமாரின் கேமராவைப் பார்த்தாள்.

“படத்துல எங்கொரலு வருமாடி?”