ஜெமீலா வைத்த கையெழுத்து

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள சந்தில் ஜெமீலாவுக்கு ஒரு சின்னக் கடை. போட்டோகொப்பி மெஷின் ஒன்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்று, படிவம் நிரப்ப வருகிறவர்கள் உட்கார ஒரு வாங்கு. இருபத்திரண்டு வயதில் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பதினொரு வருஷம் கழித்துத் திரும்பியவள். அரபியை அடுப்படியில் நின்றே கற்றுக்கொண்டாள். கடைசி நாற்பது நாட்கள் அங்கே ஒரு தடுப்பு முகாமில் கிடந்தாள். அதைப் பற்றி வீட்டில்கூட அவள் அதிகம் பேசுவதில்லை. தாய்மாரோடு குழந்தைகளும் அங்கே அடைபட்டிருந்தார்கள். மாலையில் காவல்காரி தலையெண்ணும்போது பெரியவர்களை மட்டும் எண்ணிவிட்டுப் போய்விடுவாள். காகிதத்தில் இல்லாத பிள்ளைகள் கணக்கிலும் இல்லை.

ஊருக்கு வந்தபின் அரபுக் கடிதங்களை வாசித்துச் சொல்லத் தொடங்கினாள். பிறகு முகாம்களில் சிக்கிய பெண்களுக்காக அங்குள்ள இலங்கைத் தூதரகத்துக்கு எழுதினாள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பயணப் பத்திரம் கேட்டு விடாமல் நச்சரித்தாள். அவளுடைய நம்பர் தேயிலைத் தோட்டங்களில் லயம் லயமாகக் கைமாறிக் கடல் தாண்டியும் போயிருந்தது.

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் ஒரு திங்கட்கிழமை பகல் போன் வந்தது.

"அக்கா, நான் ஸ்பிரிங்வெளி தோட்டத்து மாரிசாமி மக சிவசக்தி. ரெண்டு நிமிஷந்தான் போன் குடுத்திருக்காங்க."

எஜமானி அடித்த அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடி, வெளியே வேலை செய்து பிழைத்தவள் சிவசக்தி. இப்போது முகாமில் இருந்தாள். கூடவே ஹனா என்ற நாலு வயதுப் பெண் குழந்தை. தகப்பன் எந்த நாட்டுக்குப் போனான் என்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை விமானத்தில் தன்னை ஏற்றிவிடுவார்கள் என்றும், காகிதம் இல்லாத குழந்தையை அங்கேயே ஒரு விடுதியில் சேர்த்துவிடுவார்கள் என்றும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"புள்ள பொறந்த ஆஸ்பத்திரித் துண்டாவது இருக்கா?" என்று ஜெமீலா கேட்டாள்.

"இருக்குக்கா. அதுல சிவசக்தின்னு இருக்கு. பாஸ்போட்டுல இராக்கம்மான்னு இருக்கு."

அத்தோடு போன் அறுந்தது.

தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த றில்வானை ஜெமீலாவுக்குப் பழக்கம். அவனைப் பிடித்தாள். தூதரகத்தின் கணக்கில் முகாமில் இருப்பவள் இராக்கம்மா. சிவசக்தி பெற்ற பிள்ளையை இராக்கம்மாவோடு அனுப்ப வழியில்லை என்றான். இரண்டும் ஒரே ஆள் என்று காட்டும் பத்திரங்கள் வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள், இங்கத்தைய நேரம் இரண்டரைக்குள், வந்தாக வேண்டும். அதற்குப் பிறகு விடுதிக்காரர்கள் வந்து குழந்தையைப் பொறுப்பெடுத்துவிடுவார்கள்.

ஜெமீலா சொல்லியனுப்ப, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாரிசாமி கடைக்கு வந்தார். நனைந்த சாக்கைத் தலையிலிருந்து எடுத்து வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தார். இராக்கம்மா அவருடைய மூத்த மகள். ஆறு வயதில் காய்ச்சல் வந்து செத்துப்போனவள். தோட்டத்தில் புதைத்தார்களே தவிர, மரணத்தைப் பதிவுக் கந்தோரில் பதியவில்லை. சிவசக்தி வெளிநாடு போகக் கேட்டபோது அவளுக்குப் பதினெட்டுதான். வயது காணாது என்று சொன்ன ஏஜென்ட், செத்த அக்காவின் பிறப்புச் சான்றிதழோடு, இவள்தான் அவள் என்று ஒரு சத்தியக் கடதாசியும் சேர்த்து அவளை அனுப்பி வைத்தான்.

"யார் அந்த ஏஜென்ட்? சத்தியக் கடதாசி யார் அடிச்சது?" ஜெமீலா எழுதிக்கொண்டே கேட்டாள்.

மாரிசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் கடையிலதாங்க அடிச்சோம். நீங்கதான் அடிச்சுக் குடுத்தீங்க."

அவர் குற்றம் சாட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஜெமீலா பேனாவைக் கீழே வைத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்திய அந்த நாள் மெதுவாக நினைவுக்கு வந்தது. வாங்கின் நுனியில் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தாள் ஒரு பெண். இருபத்துநாலு வயது என்று ஏஜென்ட் சொல்லச் சொல்ல இவள் அடித்தாள். நிமிர்ந்து அந்த முகத்தை ஒருமுறை பார்த்ததும், பார்த்தும் அடித்ததும் நினைவிருந்தது. அப்படி எத்தனை அடித்தாள் என்பதுதான் நினைவில்லை.

சமாதான நீதவான் ஸஹாப்தீன் அவளுடைய வாப்பாவின் கூட்டாளி. அன்று பின்னேரமே அவரிடம் போய், மாரிசாமி ஒரு சத்தியக் கடதாசியும் தான் ஒன்றும் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மகள், அவர் குடுக்கட்டும். நீங்க ஏன் தலையக் குடுக்கிறீங்க? பொய்யெண்டு தெரிஞ்சுதான் அடிச்சேனெண்டு எழுதினா, நாளைக்குப் பொலிஸ் வந்தா நான் ஒண்டும் செய்ய ஏலாது."

தகப்பன் பேச்சை மட்டும் நம்ப மாட்டார்கள், பத்திரம் செய்த கையும் சொல்ல வேண்டும் என்று ஜெமீலா சொன்னாள். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு முத்திரையை எடுத்தார்.

ஆனால் இராக்கம்மா செத்தாள் என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும். புதன்கிழமை காலை அவள் ஸ்பிரிங்வெளி பஸ் ஏறினாள். பாதி வழியில் மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்தது. மற்றவர்கள் திரும்பிவிட, அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஏறி மறுபக்கம் இறங்கினாள். தோட்ட ஆபிசுக்குப் போய்ச் சேர்ந்தபோது முழங்காலெல்லாம் அட்டை கடித்து இரத்தம். கிளாக்கர் பயந்த மனிதர். தோட்டத்தை நடத்தும் துரை கொழும்புக்குப் போயிருக்கிறார், அவர் இல்லாமல் எதையும் தொட முடியாது என்றார். ஜெமீலா நகரவில்லை. மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மாரிசாமியும் மலையில் வேலையை விட்டு வந்து வாசலில் நின்றுகொண்டார். கடைசியில் கிளாக்கரே துரைக்குப் போன் எடுத்து அனுமதி கேட்டார். டிஸ்பென்சரியின் பழைய புத்தகங்களைக் கூரை ஒழுகும் அறையிலிருந்து எடுத்து வந்தார்கள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நாலாவது புத்தகத்தில் மங்கிய மையில் இருந்தது: இராக்கம்மா, மாரிசாமி மகள், வயது ஆறு, காய்ச்சல், மரணம்.

மாரிசாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எந்த வரி என்று கேட்டு, அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை காலை கிராம அலுவலரின் கடிதத்தோடு மாரிசாமி கடைக்கு வந்து சேர்ந்தார். பன்னிரண்டரைக்கு எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து அனுப்பினாள். ஒன்றரை மணிக்கு றில்வான் எடுத்தான். பத்திரம் போதாது, தூதரக அதிகாரி முகாமுக்கே வந்திருக்கிறார், தகப்பனை வீடியோவில் நேராகக் கேட்கப் போகிறார் என்றான்.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. அதற்கு முன்னால் மெலிந்த ஒரு பெண், அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை. மாரிசாமி ஒன்பது வருஷமாகக் காணாத முகம். அதிகாரி சிங்களத்தில் கேட்டதை றில்வான் தமிழில் சொன்னான்: இந்தப் பெண் யார்?

யார் கேட்டாலும் இராக்கம்மா என்றே சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் மகளை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று ஏஜென்ட் அந்தக் காலத்தில் அவரைப் பழக்கி வைத்திருந்தான். மாரிசாமியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அதிகாரி இரண்டாம் முறை கேட்டார். ஜெமீலா சொல்லிக் கொடுக்க முடியாது. கெமராவில் படாமல் ஒதுங்கி நின்றாள்.

"இராக்கம்மா செத்துப்போச்சுங்க," என்றார் மாரிசாமி. "இது சின்னது. சிவசக்தி. பொய் சொல்லி அனுப்பிப்புட்டேன்."

திரையில் சிவசக்தி முகத்தைக் குழந்தையின் தலையில் புதைத்துக்கொண்டாள். பொய்ப் பத்திரம் செய்தது யார் என்று அடுத்த கேள்வி வந்தது. ஜெமீலா கதிரையை இழுத்துப் போட்டு கெமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"நான்தான் அடிச்சேன். அது அவட பேரில்லயெண்டு தெரியும். அவட வயசில்லயெண்டும் தெரியும். என்மேல என்ன நடவடிக்கை வேணுமெண்டாலும் எடுங்க. புள்ளைய உம்மாகிட்ட இருந்து பிரிக்காதீங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். இணைப்பு துண்டிக்கப்பட்டது. இரண்டரை தாண்டியது, நாலு தாண்டியது. ஜெமீலா கொடுத்த தேத்தண்ணியை மாரிசாமி குடிக்கவில்லை. ஐந்து மணிக்கு றில்வானிடமிருந்து ஒரு வரி வந்தது: வெள்ளிக்கிழமைப் பட்டியலிலிருந்து தாயின் பெயரை எடுத்தாயிற்று, இருவருக்கும் சேர்த்துப் புதிய பத்திரம் எழுதுகிறார்கள்.

அப்படியும் வெள்ளிக்கிழமை காலை பழைய பட்டியலோடு காவல்காரி வந்து இராக்கம்மா என்று கூப்பிட்டாளாம். சிவசக்தி குழந்தையை இடுப்போடு துப்பட்டாவால் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். புதிய கடிதம் வரும்வரை ஒன்றரை மணி நேரம் அவளை எழுப்ப முடியவில்லை. பதினொரு நாள் கழித்துத் தாயும் மகளும் ஒரே விமானத்தில் வந்து இறங்கினார்கள்.

ஹனா இப்போது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் போகிறாள். முதல் வாரங்களில் யாராவது கதவைச் சாத்தினால் சுவரோரம் போய் விறைத்து நிற்பாள்; அதனால் ஆயாம்மா மழையிலும் கதவைத் திறந்தே போட்டாள். ஹனாவின் பிறப்பைப் பதியும் வேலை இன்னும் முடியவில்லை. ஏஜென்ட் ஊரிலேயே ஆளில்லை. ஜெமீலாவைப் பொலிஸ் இரண்டு தரம் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தது; வழக்கு தவணை தவணையாகப் போகிறது. படிவம் அடிக்க வருகிற கூட்டம் குறைந்துவிட்டது.

அந்த முகாமில் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்களா என்று ஹனா வந்த அன்றே ஜெமீலா றில்வானிடம் கேட்டிருந்தாள். பதினொரு பேர், அதில் நாலு பேருடைய தாய்மார் இந்த ஊவா மாகாணத்தைச் சேர்ந்தவர்கள் என்றான். பெயர்களை எழுதி வாங்கினாள். போன தவணைக்கு நீதிமன்றத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தவள், வீட்டுக்குப் போகாமல் அப்புத்தளை பஸ் ஏறினாள். அங்கே ஒரு தோட்டத்தில், பட்டியலில் இரண்டாவதாக இருந்த பிள்ளையின் தாய்மாமனைத் தேட வேண்டியிருந்தது.