பச்சை மையில் எழுதிய 'சம்டைம்'

என் மேசை இழுப்பறையில் பச்சை மை காய்ந்துபோன பேனா ஒன்று கிடக்கிறது. எங்கள் தாலுகா அலுவலக அதிகாரி ஓய்வு பெற்ற நாளில், மாலையும் சால்வையுமாக நின்றுகொண்டு, என் சட்டைப் பையில் அவரே செருகிவிட்ட பேனா. அன்று பேசும்போது, "என் சர்வீஸ்ல யாருக்கும் முடியாதுன்னு நான் சொன்னதே இல்ல" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் சொன்னது பொய்யில்லை. முடியாது என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அது அவரிடம் கிடையாது. அதற்குப் பதிலாக ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்திருந்தார். சம்டைம். மனுவின் ஓரத்தில் பச்சை மையில் அதை எழுதி, கீழே ஒரு கோடு இழுத்துவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது. ஒருமுறை எனக்கே அதை விளக்கினார். அந்தச் சொல் நாளும் இல்லையாம், தேதியும் இல்லையாம், ஆனால் மறுத்ததாகவும் ஆகாதாம். "நல்ல வார்த்தைய்யா அது, யாராலயும் கேள்வி கேக்க முடியாது" என்று சொல்லிச் சிரித்தார். அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். குறிப்பிடாத ஒரு காலத்தில் என்று இருந்தது. முன்னாள் என்றும் ஒரு பொருள் போட்டிருந்தார்கள். இரண்டுமே அவருக்குப் பொருந்தும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய சொந்தக் காரியங்களில் மட்டும் இந்தச் சொல் எட்டிப் பார்த்ததே கிடையாது. டீ பதினொரு மணிக்கு, சாப்பாடு ஒரு மணிக்கு. மகனுக்குக் கல்லூரியில் கேட்ட சான்றிதழ் அன்று மத்தியானமே தயார். தமிழ் தெரியாதவரும் இல்லை, ரிஷிவந்தியத்துப் பக்கம் பிறந்தவர்தான். மனு கொடுப்பவரிடம் தமிழில் பேசினால் நாற்காலி ஒரு சாண் இறங்கிவிடும் என்று அவருக்கு நினைப்பு. கள்ளக்குறிச்சியில் பாதிரியார் பள்ளியில் படித்தவன் என்பதால் அவர் உதிர்க்கும் ஆங்கிலத்தை வெளியில் நிற்பவர்களுக்குத் தமிழாக்கும் பெருமை என் தலையில் விழுந்தது.

அப்படித்தான் மலைமேல் கரியாலூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். புருஷன் இல்லை. சாமை விதைக்கிற இரண்டு ஏக்கர் மேட்டு நிலம், அதில் பக்கத்து நிலத்துக்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டான். அளந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் மனு. அதிகாரி தலையைத் தூக்காமலே, நேரில் வந்து பார்ப்பேன், அதுவரை நிலம் இருந்தபடி இருக்கட்டும், சம்டைம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வெளியே வந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்து, "இன்னாங்க சொன்னாரு?" என்றார். எப்போது வருவார் என்பது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கை கூப்பி நின்ற அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சீக்கிரம் வந்துடுவாரும்மா, அது வரைக்கும் நெலத்துல கை வைக்க வேணாம்" என்றேன். நல்ல மனுஷன் என்று பேர் வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் ஊரில் வழக்கில் இருக்கிற நிலத்தில் ஒரு கொம்பு நட்டுத் தழை கட்டுவார்கள். தீர்த்து வைக்க வருகிறவர் தன் கையால் அவிழ்க்கும் வரை அங்கே ஏர் இறங்காது. அந்த அம்மா போன கையோடு தழையைக் கட்டிவிட்டார். ஆடி மழை பெய்தது; அவர் விதைக்கவில்லை. தழை காய்ந்தால் புதுத் தழை கட்டிவிட்டுப் பேருந்து பிடித்து எங்களிடம் வருவார். ஐயா எப்போது வருவார் என்று கேட்பார். நானும் சளைக்காமல் சீக்கிரம் என்பேன். ஜீப் இருந்தது, டிரைவர் இருந்தார். அதிகாரி குடும்பத்தோடு அதே மலையில் இருக்கும் அருவிக்குப் போய்க் குளித்துவிட்டுக்கூட வந்தார். அடுத்த ஆடியும் அப்படியே போனது. பிறகு அந்த அம்மா வருவது நின்றது. கேரளத்தில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். கோப்பை மூடி அலமாரியில் வைத்தவன் நான்தான்.

போன வருடம் தம்பி குடும்பத்தோடு அருவி பார்க்கப் போனேன். வழியில் ஒரு மரவள்ளிக் கொல்லையில் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நிமிர்ந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். அதே அம்மாதான், தோட்டத்து வேலையை விட்டுத் திரும்பி வந்திருந்தார். அது அவருடைய நிலம் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. வரப்பே இல்லாமல் பக்கத்துக்காரன் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டிருந்தான்; சொந்த மண்ணில் அவர் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அதிகாரி சரியில்லம்மா, ஏமாத்திட்டாரு என்று என்னவோ உளறினேன்.

அவர் கோபப்படவே இல்லை. "அவர சொல்லி இன்னாங்க? அவரு பேசுனது எனக்கு இன்னான்னே தெரியாது. சீக்கிரம்னு சொன்னது நீங்கதாங்களே" என்று சொல்லிவிட்டுக் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

இத்தனை வருடமாக அந்த மனிதரை மட்டும் இளக்காரம் செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தேன். எழுதாத பேனாவை எதற்கு வைத்திருக்கிறீர்கள், தூக்கிப் போடுங்கள் என்றாள் என் மனைவி. போடுகிறேன் என்றேன். எப்போது என்று கேட்டாள்.

"ஒரு நாளைக்குப் போடலாம்" என்று சொல்லி இழுப்பறையை மூடினேன்.